மாடியில் உன் ஆர்க்கிட்கள், கீழே நாங்கள்

என் ஆசை வசந்தி அக்காவுக்கு,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. முதலில் நல்ல செய்தி. மூன்று வருஷமாக மொட்டே விடாமல் உன்னை ஏங்க வைத்த அந்த நீல வாண்டா ஆர்க்கிட் இந்த ஆடியில் பூத்தது. ஒரே தண்டில் ஒன்பது பூ. அதன் அடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். எழுந்தபோது வேட்டி நனைந்திருந்தது. நான் தண்ணீர் விட்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தது, வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தரை மட்டும் காயவில்லை.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை உனக்கு. கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாய். திருமுல்லைவாயிலில் இந்த வீட்டில் நீ, நான், என் மனைவி தேவி, மகள் நித்யா. ஓய்வு பெற்றுப் போன ஒரு மேலதிகாரி கொடுத்த ஒற்றை டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டில் ஆரம்பித்தாய். இருபது வருஷத்தில் மாடி முழுக்க இரும்புக் குழாய் நட்டு, பச்சை வலை கட்டி, இருநூறு தொட்டி. கலிம்போங்கிலிருந்து செடிப் பார்சல் வரும் நாளில் நீ சாப்பிடக்கூட மாட்டாய். கரித்துண்டும் தேங்காய் மட்டையும் வைத்து ஒவ்வொன்றையும் கைக்குழந்தை போலக் கட்டுவாய்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ என்னிடம் கேட்டது ஒன்றுதான். “செடிங்கள காய உட்றாதடா. ரெண்டு வேள தண்ணி. மறந்துறாத.” சரி என்றேன். மறக்கவில்லை, அக்கா. ஒரு வேளைகூட.

உன் காரியம் முடிந்ததும் உன் அறையை நித்யாவுக்குக் கொடுத்தோம். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள், தனி அறை வேண்டுமே. ஐப்பசி மழையில் மேல்தளத்தில் ஒரு கறை தெரிந்தது. பங்குனிக்குள் மின்விசிறியிலிருந்து சுவர்வரை விரிசல். கட்டில்மேல் தினமும் வெள்ளையாக ஏதோ கொட்டும்.

“இன்னாங்க இது, தெனமும் கூட்றேன், தெனமும் கொட்டுது?” என்றாள் தேவி.

“பெயிண்ட் உரியுது” என்றேன்.

வைகாசியில், அவள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கொத்தனார் ஏழுமலையைக் கூட்டிவந்தேன். சுத்தியலின் கட்டைப் பிடியால் மேலே தட்டிப் பார்த்தார். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோலப் பொத்தென்று சத்தம் வந்தது. மாடிக்குப் போய், உன் குழாய்கள் நட்டிருந்த இடத்தில் குந்தி உட்கார்ந்தார்.

“அண்ணாத்தே, பைப்பு நட ஓட்ட போட்டுக்கீறாங்க பாரு, அது வழியாதான் தண்ணி எறங்கிகினே கீது. உள்ள கம்பியெல்லாம் துரு புட்சி உப்பிக்கீது. மொதல்ல செடிங்கள எறக்கு. கீழ அந்த ரூம்ல யாரையும் உடாத.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“மூணு வருஷம் முன்னாடியே அக்காவாண்ட சொன்னேனே. உன்னாண்ட சொல்லலியா? யாராண்டயும் சொல்லாத, நானே பாத்துக்கிறேன்னு சொல்லிச்சே.”

அதற்கப்புறம் எனக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. கடைசி இரண்டு வருஷம் நித்யாவை நீ உன் அறையில் படுக்கவிடவே இல்லை. “நான் கொறட்ட உடுவேன், போடி” என்று விரட்டுவாய். கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டாய். தெரிந்தே நீ மட்டும் அதன் கீழே படுத்தாய். சரி, உன் உயிர், உன் விருப்பம். ஆனால் போகும்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா? தண்ணீர் ஊற்றச் சொன்ன வாய்க்கு இன்னொரு வார்த்தை வரவில்லையா?

உன்னைக் கேட்கிறேனே, நான் என்ன செய்தேன் தெரியுமா? செடிகளை இறக்க முடிவு செய்த வாரம் வாண்டாவில் மொட்டு தெரிந்தது. பூத்து முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். “ரூம்ல புழுக்கமா கீது, ஹால்ல படுத்துக்கோம்மா” என்று நித்யாவிடம் சொன்னேன். ராத்திரி ஹாலில் படுத்தாள். பகலில் அந்த அறையிலேயேதான் உட்கார்ந்து படித்தாள். நீ குறட்டை என்றாய், நான் புழுக்கம் என்றேன்.

ஆடி கடைசி ஞாயிறு. காலை பதினொரு மணி இருக்கும். நான் மாடியில் குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். காலடியில் தரை ஒருமுறை அதிர்ந்தது. அப்புறம் தேவியின் அலறல்.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அறை முழுக்கப் புகைபோலச் சிமெண்ட் தூள். நித்யா ஹாலில், கதவோரம், செல்போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தாள். சிநேகிதி கூப்பிட்டாளாம், எடுக்க எழுந்து வந்தாளாம். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி நசுங்கிக் கிடந்தது. அதன்மேல் ஆட்டுக்கல் அளவுக்கு ஒரு காரைப் பாளம்.

“அப்பா, என் கெமிஸ்ட்ரி நோட்டு உள்ள கீதுப்பா” என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

தேவி அவளைக் கட்டிக்கொண்டு தரையில் சரிந்தாள். “நமக்குத் தெரியாமப் போச்சேங்க! தெரிஞ்சிருந்தா கொயந்தைய அங்க உக்கார உட்ருப்பமா?”

நான் வாயைத் திறக்கவில்லை, அக்கா.

இப்போது அவர்கள் இருவரும் சென்னீர்குப்பத்தில், தேவியின் அம்மா வீட்டில். நித்யா எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்து பார்க்கிறாளாம். நான் மட்டும் இங்கே இருந்து தொட்டிகளை இறக்குகிறேன். பாதிக்குமேல் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். நேற்று ஹாலின் மேல்தளத்தைக் கழியால் தட்டினேன். அங்கேயும் பொத்தென்றுதான் கேட்கிறது. மழைக்கு முன்னால் மொத்தமாக இடித்துவிடச் சொல்கிறார் ஏழுமலை. சரி என்றுவிட்டேன்.

உன் செடிகளைப் பற்றி இனி நான் வாக்குத் தர மாட்டேன். தருவது ஒரே ஒரு வாக்கு. நாளைக் காலை முதல் பஸ்ஸில் போய் இந்தக் கடிதத்தைத் தேவியின் கையில் கொடுப்பேன். அவள் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பேன். அப்புறம் அவள் என்ன சொன்னாலும் சரி.

உன்னைப் போலவே சொல்லாமல் இருந்துவிட்ட
உன் தம்பி,
முரளி