நூற்றுப் பதினொரு டிகிரி

அக்டோபர் 1, 2025, புதன். ஆயுத பூஜை.
ஈப்போ விமான நிலைய ஹேங்கரில் இருந்தவர்கள்: இவர், நான், மெக்கானிக் மகேந்திரன், கோயில் குருக்கள். நால்வர்தான். நேற்றுதான் எண்ணெய் மாற்றியதால் எஞ்சின் மூடியை மகேந்திரன் பூசைக்காகத் திறந்தே வைத்திருந்தார். இவருடைய சிறு விமானத்துக்கு எது முகம் என்று குருக்கள் கேட்டார். "காத்தாடி இருக்கிறதுதான் மூஞ்சி சாமி. பின்னால போய்ச் சூடம் காட்டுனா அதுக்குக் கோவம் வந்துரும் லா," என்றார் மகேந்திரன். இவர் வாய்விட்டுச் சிரித்தார். வீட்டில் சிரித்து எவ்வளவு காலம்! சுண்டல் மிச்சமில்லை.

அக்டோபர் 4, சனி.
இவர் தனியாகச் சித்தியவான் வரை பறந்துவிட்டு வந்தார். முகமே சரியில்லை. எஞ்சின் எண்ணெயின் சூடு எப்போதும் 88-ல் நிற்கும். இன்று 111. சிவப்புக் கோடு 118. அதைத் தாண்டினால் எஞ்சின் இறுகி நின்றுவிடலாமாம். கீழே ரப்பர் மரங்கள் போய் எங்கும் செம்பனைத் தோட்டம். நின்றால் எங்கே இறங்குவது?
வரவு செலவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டேன்: தேதி, வெளிச்சூடு, எண்ணெய்ச்சூடு.

அக்டோபர் 7, செவ்வாய்.
எண்ணெய் அளவு சரி. முள் பொய் சொல்கிறதோ என்று, சூடு அறியும் கம்பியைக் கழற்றிக் இவரும் மகேந்திரனும் கொதிநீரில் முக்கிப் பார்த்தார்கள். சரியாக நூறு காட்டியதாம். ஆக, சூடு நிஜம்.

அக்டோபர் 9, வியாழன்.
கட்டைவிரல் அளவு வால்வு ஒன்றைக் கொண்டுவந்து, "சட்டி ஒண்ணு குடு" என்றார். எண்ணெய் சூடானால் அதை ஆறவைக்கும் குளிர்பெட்டிக்குத் திருப்பிவிடுவது இதுதானாம். 85-ல் நீள வேண்டும். அடுப்பில் தண்ணீர் வைத்து நான் வெப்பமானியைப் பார்த்து எண் சொல்ல, இவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சரியாக 85. "பாத்தியா கல்யாணி, நீளுது, நீளுது!"
என் பெயர்! முப்பத்தொரு வருடத்தில் இந்த வாரம் பேசியது போல் இவர் என்னோடு பேசியதில்லை. சூடு குறையாமலே இருக்கட்டும் என்று ஒரு கணம் — முருகா, மன்னித்துவிடு.
அந்தச் சட்டியில் இனிச் சமைக்க முடியாது.

அக்டோபர் 11, சனி.
ஈப்போவை விட்டு விலகாமல் ஒரு சுற்று. 113.

அக்டோபர் 12, ஞாயிறு.
வாசலிலேயே சத்தம்.
"நீ எண்ணெய் மாத்துனதுல இருந்துதான் சூடு. என்னத்த ஊத்துன?"
"இருபது வருசமா உங்க உசுரு என் கையிலதான் இருந்துச்சு அண்ணே. இன்னிக்குத்தான் சந்தேகம் வந்துச்சா?"
நான் கலக்கிய தேநீரைக் குடிக்காமலே மகேந்திரன் போய்விட்டார்.

அக்டோபர் 14, செவ்வாய்.
வீட்டில் யாருமில்லை. அகராதியை வைத்துக்கொண்டு இவருடைய எஞ்சின் கையேட்டைப் படித்தேன். காலை முழுக்க நான்கு பக்கம். விமானத்தின் மூக்கில் நுழையும் காற்று எஞ்சினின் பின்தட்டிலுள்ள ஓட்டை வழியாகக் குழாயில் இறங்கிக் குளிர்பெட்டியின்மேல் அடிக்க வேண்டுமாம். ஓட்டையின் படமும் இருந்தது.
எனக்குத் தெரிந்த ஓட்டை.
பூசையன்று மூவரும் குருக்களின் கார் வரை போனபோது, இவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டி, மஞ்சள் துணியில் ஐம்பது காசு முடிந்து அதற்குள் செருகினேன். கண்ணில் பட்டால் பிடுங்கி எறிவாரே என்று நன்றாக உள்ளே தள்ளினேன். வேண்டுதலைச் சொல்லக்கூடாது என்று இந்த நோட்டில்கூட எழுதவில்லை. காவலுக்கு வைத்தது! அதோடு இரண்டு முறை பறந்திருக்கிறாரே — என்ன காரியம் செய்தேன் நான்?
இவர் வந்து செருப்பைக் கழற்றுமுன் சொல்லிவிட்டேன். கார் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

அக்டோபர் 15, புதன்.
துணி குழாயில் இறங்கிக் குளிர்பெட்டியின் முகத்தில் அப்பிக் கிடந்ததாம். காசை மட்டும் மேசைமேல் வைத்தார். "யார்கிட்டயும் சொல்லாத."

அக்டோபர் 18, சனி.
88. அதைக்கூட இவர் சொல்லவில்லை. பறந்தபோது இவர் குறித்த துண்டுச்சீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டேன்.
மாலையில் விமானக் கிளப் ஆளோடு தொலைபேசியில்: "மெக்கானிக் தொடச்ச துணிய உள்ள மறந்துட்டான் லா. ஆமா, மகேந்திரன்தான்."
கேட்டுவிட்டேன். "ஏங்க இப்படிச் சொன்னீங்க?"
"பின்ன, எம் பொண்டாட்டி நேந்து கட்டிட்டான்னு சொல்லவா? சிரிக்க மாட்டானுங்க?"
காப்பாற்றியது என்னையா, தன்னையா?

அக்டோபர் 21, செவ்வாய்.
நேற்று தீபாவளி. வருடந்தோறும் முதலில் வருகிறவர் மகேந்திரன். வரவில்லை. இன்னும் இரண்டு விமானக்காரர்கள் அவரை வேண்டாம் என்றுவிட்டார்களாம். நேற்றிரவு சாப்பிட்டுக்கொண்டே இவர் அதைச் சொன்னார்.
காலையில் நான் அனுப்பிய செய்தியின் நகல்:
"தம்பி மகேந்திரன், குழாயில் இருந்தது உங்கள் துணி இல்லை. நான் வேண்டிக் கட்டிய காணிக்கை முடிச்சு. அண்ணனுக்கும் இது தெரியும். உங்கள்மேல் பழி விழுந்ததைக் காதால் கேட்டும் மூன்று நாள் வாய் மூடி இருந்தேன். அது இரண்டாவது தப்பு. கிளப் செயலாளருக்கும் இதையே எழுதி அனுப்பிவிட்டேன். அண்ணனிடம் இன்று சாயங்காலம் நானே சொல்வேன். அதன்பிறகு இந்த வீட்டில் என்னோடு பேச ஆள் இருக்காது. மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. படித்துவிட்டீர்கள் என்று மட்டும் சீக்கிரம் ஒரு பதில் போடுங்கள்."