பின்னறையில் விழுந்த சூரியன்

குனோங் ராபாட், ஈப்போ
9-5-1929

அலோர்ஸ்டார் கிரகண ஆராய்ச்சி முகாமில் இருக்கும் மாப்பிள்ளை ஜெயபாலனுக்கு மாமனார் சதாசிவம் அன்புடன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

எழுத வேண்டியவற்றைக் காலையில், கிரகணத்துக்கு முன்பே, வரிசைப்படுத்திவிட்டேன்:

1. இங்கே வானம் எப்படி என்பது.
2. மகள் மங்களத்தின் உடல்நிலை.
3. பிள்ளை பிறந்ததும் அவளைச் சீமைக்கு அழைத்துப்போகக் கேட்டிருந்தீர்கள். உங்கள் சர்வகலாசாலையின் பிரபஞ்ச ஆராய்ச்சிக் கழகத்திலோ அந்தக் குளிர் தேசத்திலோ அவளுக்கு நாட்டமில்லை என்பது.

காலையில் மேகம், நண்பகலுக்குள் விலகியது. புகை பிடித்த கண்ணாடியோடு வாசலில் நின்றேன். கண் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் பாதி நேரம் என் செருப்பைத்தான் பார்த்தேன். இங்கே முழுக் கிரகணம் இல்லை. அங்கே சூரியன் முழுதும் மறைந்ததா? அருகிலுள்ள விண்மீன்கள் உங்கள் படத்தகடுகளில் விழுந்தனவா? நீங்கள் சோதிக்கப் போனபடி, அவற்றின் ஒளி சூரியனருகே வளைகிறதா இல்லையா? தந்தி கொடுங்கள்.

மங்களத்துக்கு ஏழாம் மாதம், நன்றாக இருக்கிறாள். பிள்ளைத்தாய்ச்சிமேல் கிரகணம் படக்கூடாது என்று உங்கள் அத்தை இருளாயி அவளைப் பின்னறையில் உட்காரவைத்து, ஜன்னல் இடுக்கிலெல்லாம் சாக்குத்துணி அடைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். நான் எதிர்த்துப் பேசவில்லை. என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே.

சிறிது நேரத்தில் உள்ளிருந்து கூச்சல். "அப்பா, ஓடியாங்க! தரையெல்லாம் பிறை பிறையாக் கெடக்குலா!"

கதவைத் திறந்தோம். அந்தக் கும்மிருட்டில், பழைய தகரக் கூரையின் ஆணித் துளை ஒவ்வொன்றும் ஒரு சூரியனைக் கீழே இறக்கியிருந்தது! தரையில், பாயில், மங்களத்தின் வயிற்றின்மேல், எல்லாம் பிறைகள். அடைத்து வைத்ததால்தான் அத்தனை தெளிவு, மாப்பிள்ளை! இருளாயி அலறுவாள் என்று நினைத்தேன். "வராதேன்னு கதவச் சாத்துனா, கூரை ஏறி எறங்கி எம்மவ மடியில படுத்திருக்கு பாரு, கள்ளப்பய!" என்று சிரித்துவிட்டாள்.

மங்களம் கரித்துண்டை எடுத்து ஒரு பிறையின் ஓரத்தை வரைந்தாள். அது நகர்ந்து மெலிய மெலிய, பக்கத்திலேயே மறுபடி வரைந்தாள். "இதத்தானே அவரு அங்க பண்றாரு? எனக்கு யாருமே சொல்லலியே! அவரோட சீமைக்கு நானும் போறேம்ப்பா" என்றாள். கிரகணம் விட்டு வெகுநேரமாகியும் அந்த அறையைக் கூட்ட விடமாட்டேன் என்கிறாள்.

பேரப்பிள்ளையைச் சிறிது காலம் நாங்கள் தூக்கி வைத்திருக்கும்படி கப்பலுக்கு நாள் பாருங்கள். குளிருக்குக் கம்பளி அங்கேயே நல்லதாகக் கிடைக்குமா என்றும் எழுதுங்கள். மூவரும் எங்கே இருந்தாலும் நன்றாயிருக்க வேண்டும்.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. அவளைக் கேட்காமலே எழுதிவிட்டேன்.

சதாசிவம்