பர்மிட் இல்லாமல் கிளம்பிய அம்மா

என் பிரியமுள்ள நைனாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. இதுவரை ஒரு வரிகூட உங்களுக்கு எழுதவில்லை. இன்று உடம்பு முடியாமல் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். அம்மா வெளியே போயிருக்கிறாள். எங்கே என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் அரிசி மண்டியைச் சித்தப்பா நடத்துகிறார். தம்பி கல்யாணமான ஆறாம் மாதமே பெண்டாட்டியோடு பெங்களூருக்குத் தனிக்குடித்தனம் போய்விட்டான். அவனவன் நல்லது அவனவனுக்குத்தான் தெரியும் என்று நைனாவே சொல்வாரே என்று சொல்லிவிட்டுத்தான் போனான். உங்கள் பேச்சு உங்கள் வீட்டிலேயே இப்படிப் பயன்படும் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். திருவள்ளூர் வீட்டில் மிச்சம் நானும் அம்மாவும்தான். விடிகாலை ரயிலைப் பிடித்து அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்குப் போய் நாள் முழுக்க டைப் அடித்துவிட்டு வருகிறேன். முதுகு விட்டுப்போகிறது நைனா. முப்பத்திரண்டு வயசுக்கு இது ரொம்ப சீக்கிரம்.

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இங்கிலீஷ் பொருளாதாரப் புத்தகம் படித்தவர் நீங்கள். விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் சம்மதம் என்றால் நடுவில் சர்க்காருக்கு என்ன வேலை என்று வியாபாரிகள் கூட்டத்தில் நீங்கள் கேட்டால் கைதட்டல் அடங்காது. ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்கு நெல் கொண்டுபோகவே பர்மிட் வேண்டியிருந்த காலம் அது. ஒரு தடவை ஊத்துக்கோட்டைப் பக்கம் செக்போஸ்ட்டில், ஒரு அதிகாரியின் கையெழுத்துக்காக உங்கள் மூட்டைகள் மூன்று நாள் மழையில் கிடந்து நெல் முளைவிட்டுவிட்டது. அதற்கப்புறம் எல்லாக் கூட்டத்திலும் அதைச் சொன்னீர்கள். அந்த அதிகாரி நல்லவர்தான், ஊரில் இருந்திருந்தால் போட்டுக் கொடுத்திருப்பார், ஆனால் அவர் வருகிறவரை ஒருத்தன் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறதே, அநியாயம் அங்கேதான் இருக்கிறது என்பீர்கள்.

நம் வீட்டில் மட்டும் உங்களைக் கேட்காமல் யாரும் வாசல்படி தாண்டியதில்லை. போய்ட்டு வரட்டுங்களா என்று அம்மா கேட்க வேண்டும், நீங்கள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்று சொல்ல வேண்டும். கோயிலுக்குப் போனாலும் வளையல் கடைக்குப் போனாலும் அதுதான் வழக்கம். நீங்கள் தூங்கினால் எழுந்திருக்கிறவரை காத்திருக்க வேண்டும். ஒரு நாளும் நீங்கள் மறுத்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தாத்தா சாகக் கிடந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? கும்மிடிப்பூண்டியிலிருந்து காலையிலேயே தந்தி வந்துவிட்டது. நீங்கள் மெட்ராஸில் பர்மிட் முறையை ஒழிக்கச் சொல்லிப் பேசப் போயிருந்தீர்கள். அம்மா புடவை மாற்றிக்கொண்டு, மடியில் துணிப்பையோடு கூடத்தில் உட்கார்ந்தாள். நான் கூட வருகிறேன், பஸ் ஏறிவிடலாம் என்று எவ்வளவோ கெஞ்சினேன். நைனா வந்துவிடட்டும் என்பதைத் தவிர அவளிடம் வேறு பேச்சில்லை. சாயங்காலம் நீங்கள் வந்த பிறகு கிளம்பி, பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெற்ற அப்பாவின் முகத்தை அம்மா பார்க்கவில்லை. திரும்பி வரும்போது நீங்கள் அவளிடம் கேட்டீர்கள்: "போயிருக்கலாமே, நான் இன்னா வேணாம்னா சொல்லப்போறேன்?"

நிஜமாகவே வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டீர்கள். அதனால்தான் உங்கள் மேல் முழுசாகக் கோபப்படக்கூட என்னால் முடியவில்லை.

இனி நான் செய்ததைக் கேளுங்கள். நான் சம்பளம் கொண்டுவர ஆரம்பித்த பிறகு, நீங்களும் இல்லை என்றானதும், அம்மா என்னிடம் கேட்க ஆரம்பித்தாள். அலுப்பில் நானும் "ம்" சொல்லப் பழகிவிட்டேன். போன மாதம் பக்கத்துத் தெருவில் பால்வாடி திறந்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயா வேண்டும், சனிக்கிழமை மூன்று மணிக்கு வாருங்கள் என்று அம்மாவுக்கு ஆள் அனுப்பினார்கள். சனிக்கிழமை எனக்கு அரை நாள்தான். அன்று பார்த்து செவ்வாப்பேட்டையில் ரயில் நின்றுவிட்டது. நான் வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு எனக்காகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த வேலையை அதற்குள் வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு வந்த எரிச்சலில் கத்தினேன்: "போயிருக்கலாமேம்மா, நான் இன்னா வேணாம்னா சொல்லப்போறேன்?"

சொல்லி வாய் மூடுவதற்குள் அது உங்கள் பேச்சு என்று எனக்கே தெரிந்துவிட்டது. அம்மா சொன்னாள்: "மொதல்ல பயந்துக்கினுதான் கேட்டேன்டி. அப்பால, கேக்காம போனா நான் ஊட்டுல இல்லாததே யாருக்கும் தெரியாதுன்னு கேட்டேன். உங்க நைனாவும் சரி, நீயும் சரி, ம்னு சொல்வீங்க. எங்க போற, எப்ப வருவன்னு ஒரு நாள் கேட்டதில்ல."

உங்கள் புத்தகங்களில் இதற்குப் பதில் இருக்கிறதா நைனா? தடுக்காதே என்பது எனக்குப் புரிகிறது. தடுக்காதவர்கள் தேடவும் வேண்டாமா? யோசித்துப் பார்க்கக்கூடத் தெம்பில்லை.

இன்று காலை அம்மா கும்மிடிப்பூண்டிக்குப் போனாள். அங்கே புதுசாக வந்திருக்கும் ஒரு தொழிற்சாலையில், வேலைக்கு வரும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்களாம், தங்க இடமும் உண்டாம். என்னைக் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, போய்ட்டு வரேன்டி என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இப்போது மணி ஐந்தரை. இதை எழுதுவதற்குள் நாலு தடவை எழுந்துபோய் பஸ் வருகிற பக்கம் பார்த்துவிட்டேன். அந்தத் தொழிற்சாலைக்கு எப்படி வழி விசாரித்தாளோ, ஒரு வாய் சாப்பிட்டாளோ. வேலை கிடைத்துவிட்டால் இந்த வீட்டில் நான் ஒண்டியாக என்ன செய்யப் போகிறேன்? இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது நீங்கள் அம்மாவுக்காக இப்படி வாசலில் போய் நின்றிருக்கிறீர்களா நைனா?

வேலை கிடைத்தது என்று அவள் சொன்னால், போகாதே என்று சொல்ல மாட்டேன். சும்மா "ம்" என்றும் சொல்ல மாட்டேன். எந்த பஸ், எந்தத் தெரு, சாப்பாட்டுக்கு என்ன வழி என்று ஒன்றுவிடாமல் கேட்பேன். முதுகு வலித்தாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளைத் தேடிக்கொண்டு போவேன். உங்களுக்கும் சேர்த்துத்தான் போவேன்.

இப்படிக்கு,
வாசலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருக்கும் உங்கள் மூத்த மகள்,
கஸ்தூரி