அட்டையில் சிரிக்கும் பிள்ளை

கீர்த்தனாவின் அப்பாவுக்கு,

எங்களைக் கூட்டிட்டுப் போக வண்டி அனுப்பவான்னு கேட்டு நீங்க எழுதின கடுதாசியும், உங்க அச்சகத்துல ஆடிப்பெருக்குக்குப் போட்ட மாதிரிக் காலண்டர் ஆல்பமும் சாத்தூருல எங்கம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தது. முதல் படம் நம்ம மகதான்னு நீங்க எழுதலைன்னா பெத்தவ எனக்கே அடையாளம் தெரிஞ்சிருக்காது.

அன்னைக்குக் காலண்டருக்குப் படம் எடுக்க போட்டோக்காரர் கிலுகிலுப்பையை ஆட்டினப்போ நாலு வயசுப் பிள்ளை, "எதுக்குச் சிரிக்கணும்?"னு கேட்டா. அம்புட்டு ஆளுக முன்னாடி அவளை முசுடுன்னு ஏசினீக. சிரிப்பு வந்தா சிரிப்பா என் பிள்ளை. இங்கன ஒரு ஆட்டுக்குட்டி தும்மினதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம் அது வருத்தப்படுமேன்னு கிட்டப் போய் மன்னிப்புக் கேட்டா. இதெல்லாம் உங்களுக்கு எங்க விளங்கப்போகுது? ஆர்டர் கொடுக்க வர்றவன் தும்மினாலே பல்லைக் காட்டுற மனுஷன் நீங்க.

அவ சிரிக்கலைன்னதும் கம்ப்யூட்டர்ல சிரிக்க வெச்சுட்டீக. என் நிறத்துல பிறந்தவளை மைதா மாவாட்டம் வெளுக்க வெச்சுட்டீக. மூக்கோரத்து மச்சத்தைக்கூட விட்டு வைக்கலை.

படத்தை அவகிட்டயே காட்டினேன். ரொம்ப நேரம் உத்துப் பார்த்துட்டு, "யாரும்மா இந்தப் பாப்பா?"ன்னு கேட்டா.

"உங்க அப்பா வீட்டுப் பாப்பா. வருஷம் பூரா காலண்டர்ல தொங்குவா"ன்னேன்.

"பாவம்மா. வருஷம் பூரா சிரிச்சுக்கிட்டே இருக்கணுமா?"

வண்டி அனுப்ப வேண்டாம். உங்களுக்குப் பிடிச்ச மாதிரி ஒரு மகளை நீங்களே அச்சடிச்சுட்டீகளே, அவளை ஆணியில மாட்டிக்கோங்க.

இப்படிக்கு,
முசுடைப் பெத்தவ