ஒரே மணியில் எடுக்கும் பெட்டி

18 நவம்பர் 1991, திங்கள்

விடாத மழை. பள்ளி இல்லை. அப்பாவோடு கம்பெனிக்கு.

அம்மா காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள். துணைக்குச் சித்தி. பிரசவத்துக்கு இன்னும் ஒரு வாரமாம். (பத்தாவது படிக்கும்போது தம்பியோ தங்கையோ. வகுப்பில் யாரிடமும் சொல்லவில்லை.) அவசரத்துக்குக் கம்பெனி போன் நம்பர், சீட்டில் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

கம்பெனியில், இரும்புச் சாமான் வார்க்கும் அச்சுகளின் வரைபடங்களைத் திரையில் காட்டும் கம்ப்யூட்டர். அதே திரையை மெட்ராஸ் ஆபீசிலிருந்தும் பார்க்க வேண்டுமாம், போன் கம்பி வழியாக. இன்ஜினியர் சாமானை இறக்கிவிட்டுப் போய்விட்டார். மாட்டுவது எலக்ட்ரீஷியன் அப்பா. புத்தகம் ஆங்கிலம். படித்துச் சொல்வது நான், அகராதியோடு.

இதுவரை புரிந்தவை:
– திரையில் படம் வரையும் நிரலின் பெயர் சர்வர். ஓட்டல் சர்வர் அல்ல.
– மோடம்: போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு பெட்டி. மணி அடித்தால் தானே எடுக்கும்.
– கூப்பிடுகிறவர் ரகசியச் சொல் அனுப்ப வேண்டும். அனுப்பினால், பெட்டி போனை வைத்துவிட்டு மெட்ராஸ் நம்பரைத் தானே கூப்பிடும். அனுப்பாவிட்டால் வெறுமனே வைத்துவிடும். திருடன் நுழைய வழியில்லை. யோசித்தவர் கெட்டிக்காரர்.

கால் விரலிடுக்கில் சேற்றுப்புண்.

19, செவ்வாய்

எத்தனையாவது மணியில் எடுக்க வேண்டும் என்று ஒரு கேள்வி. கம்பெனிக்கு ஒரே லைன். கேட்டில் வாட்ச்மேன் ஏழுமலை அண்ணனிடமும் அதே லைனில் ஒரு போன். அவர் முந்திக்கொண்டால் இணைப்பு கெடும். ஒன்று என்று போடச் சொன்னேன். அப்பா போட்டார்.

11 மணி. திரையில் அம்பு தானாக நகர்ந்தது. மெட்ராசில் கை, இங்கே அசைவு. உடம்பு சிலிர்த்தது. அப்பா என் தலையைத் தடவினார்.

மதியம் மறுபடி மணி. ஒரே ஒரு மணி, பெட்டி கீச்சென்று கத்தி வைத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அப்புறம் ஒன்று. மெட்ராசிலிருந்து சோதிக்கிறார் என்றார் அப்பா. ஒவ்வொன்றுக்கும் நான் கைதட்டினேன்.

ஏழுமலை அண்ணன் குடையோடு வந்தார். "இன்னாபா, ஒரு மணி அடிக்கிது, நான் கைய வெக்கறதுக்குள்ள செத்துப்பூடுது. உம் பொட்டி என் வேலைக்கு உல வெச்சிடும் போல கீதே." மூவரும் சிரித்தோம்.

5 மணிக்குச் சித்தப்பா. தொப்பலாக நனைந்து. அப்பாவை மட்டும் தனியே அழைத்தார்.

20, புதன்

ஆஸ்பத்திரி வராந்தா.

அம்மாவுக்கு நேற்று மதியம் ரத்தப்போக்கு. சேரக்கூடியது அப்பாவின் ரத்தம். நாங்கள் போய்ச் சேர்ந்தது ஏழு மணிக்கு.

அம்மா பிழைத்தாள். தங்கை அழவேயில்லை. தலை நிறைய முடி.

சித்தி, அப்பாவிடம்: "மூணு தபா போன் போட்டேன் மாமா. எடுத்தாங்க. கீச்சுன்னு கத்திச்சி, வெச்சிட்டாங்க."

அப்பா என்னைப் பார்க்கவில்லை.

22, வெள்ளி

கம்பெனியில் இன்ஜினியர். அப்பா வந்தே தீர வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். நானும் போனேன். கம்ப்யூட்டர் அச்சடித்த தாளை நீட்டினார். செவ்வாய் 2.10, 2.25, 2.50. ரகசியச் சொல் இல்லை. துண்டிப்பு.

"எவனோ மூணு வாட்டி உள்ள நுழையப் பாத்திருக்கான். மூணும் கட். பிரமாதமா செட் பண்ணியிருக்கீங்க."

பத்து தடவை மணி அடித்த பிறகு பெட்டி எடுக்கும்படி மாற்றலாமா என்று அப்பா கேட்டார். வேண்டாம், வாட்ச்மேன் எடுத்துவிடுவான், ஒன்றே இருக்கட்டும் என்றார் இன்ஜினியர். அப்பா சரி சார் என்றார்.

தாளை மடித்து அகராதிக்குள் வைத்திருக்கிறேன்.

23, சனி

மழை விட்டது. அம்மா இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். அப்புறம் என்னிடம், "சீட்டுல நம்பர் சரியாத்தானே எழுதினே?"

சரியாகத்தான் எழுதினேன் என்றேன்.

"அப்ப போன எடுத்தது யாரு?"

மழையில் லைன் செத்துக் கிடந்தது என்று அப்பா ஆரம்பித்தார். நான் முடிக்க விடவில்லை.

"நான்தாம்மா."

அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.