கடைசித் தெருவுக்கு ஒரு பொறுப்பாளர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, படி ஏறும்போது முழங்கால் மட்டும் முனகுகிறது. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் எழுதுவீர்கள். அதனால் கேட்கவில்லை. அங்கே குளிர் குறைந்ததா என்று மட்டும் எழுதுங்கள்.

பதில் எழுத நாளாகிவிட்டது. சங்கத்து வேலையில் மாட்டிக்கொண்டேன். எனக்கும் சங்கத்துக்கும் என்ன என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. போன மாதம் செயலாளரம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். என் மகள், உங்கள் வீட்டுக்காரி, கண்ணை மூடினபிறகு, எட்டு மாதமாக நம் பகுதிக்குப் பொறுப்பாளர் கிடையாது. நான்கு தெரு, நாற்பத்தாறு பேர், எல்லாரும் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். ஒருத்தி செய்ததை இனி நான்கு பேர் பிரித்துக்கொள்ளட்டும், தெருவுக்கு ஒருத்தி, சம்பளம் கிடையாது, மனசிருக்கிறவர்களாகப் பார்த்துச் சேர்த்துக் கொடுங்கள் என்றார். மாதக் கடைசிக்குள் நாலு பேர் சேராவிட்டால், நம் பகுதியை ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துக் கிளையோடு சேர்த்துவிடுவார்களாம்.

நான் மூணாங்கிளாஸோடு நின்றவள், முழங்கால் போனதிலிருந்து வேலைக்கும் போகவில்லை, என்னைக் கேட்கிறீர்களே என்றேன். படிப்பு வேண்டாம், உங்களுக்கு எல்லா வீட்டுக் கதவும் திறக்கும் என்றார்.

அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நம் தெருவில் யார் எந்த வீட்டில் வேலை பார்க்கிறாள் என்று எப்படித் தெரியும்? மாற்று ஆள் சமாச்சாரம் இருக்கிறதே, என் மகள் உங்களிடம் சொல்லியிருப்பாள். ஒருத்திக்கு உடம்பு முடியாமல் போனால் பொறுப்பாளர் வேறொருத்தியை அந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். போகிறவள் முதல் நாளே வாசலில் நின்று, இது அவங்க வீடு, நான் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். படுத்தவள் எழுந்து வந்ததும் அதே வாசலில் நின்று திருப்பிக் கொடுக்க வேண்டும். இது இருப்பதால்தான் இங்கே ஒருத்தியும் காய்ச்சலில் வேலையை இழப்பதில்லை. ஏழு வருஷத்தில் ஒரே ஒருத்தி திருப்பிக் கொடுக்க மறுத்தாள். உங்கள் வீட்டுக்காரி அவள் வீட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டு, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் நியாயம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மூன்று மணி நேரத்தில் அந்த வேலை வீடு உரியவளிடம் திரும்பி வந்துவிட்டது.

சரி என்று கிளம்பினேன். பதினொரு வீடு ஏறி இறங்கினேன். பதினொரு பேரும் முடியாது என்றார்கள். உட்கார வைத்தார்கள், டீ கொடுத்தார்கள், என் மகளைப் பற்றிப் பேசினால் அழுதார்கள், கடைசியில் நம்மால் ஆகாதம்மா என்றார்கள்.

பன்னிரண்டாவது வீடு ரேடியோ வீடு. மாடிப்படி கழுவுகிறாளே, வாய் மூடாதவள், அவள்தான். மற்றவர்களிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னேன். என் மகள் காய்ச்சலோடு மழையில் போனது, சாப்பிடுகிற கையோடு போன் எடுத்தது, ஒரு சண்டையைத் தீர்க்கத் தான் வேலை பார்த்த வீடு ஒன்றையே விட்டுக்கொடுத்தது, எல்லாம். அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். நீங்க சொல்றதைக் கேட்டா எனக்கே காய்ச்சல் அடிக்குது என்றாள். அப்புறம் துணியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அவள மாதிரி ஒருத்தி வேணும்னு கேட்டா யாரும் கிடைக்க மாட்டாங்கக்கா. தெருவைப் பாத்துக்க ஒருத்தி வேணும்னு கேளுங்க, நான் வரேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். பாதி வழியில்தான் ஒன்று உறைத்தது. ஒவ்வொரு வீட்டிலும் முடியாது என்று சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது மாப்பிள்ளை. ஆள் தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, அவள் இடத்துக்கு ஆளே கிடைக்காது என்று வீடு வீடாகப் போய் அவர்கள் வாயால் சொல்லக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, உங்களிடம் எழுதுகிறேன்.

மறுநாள் அதே வீடுகளுக்குத் திரும்பப் போனேன். என் மகள் பேச்சையே எடுக்கவில்லை. உங்க தெருவில் பத்துப் பன்னிரண்டு பேர், வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தால் போதும், யாராவது படுத்தால் மாற்று ஆள் அனுப்பணும், அவ்வளவுதான் என்றேன். இதுக்கா நேத்து அவ்வளவு பயமுறுத்தினீங்க என்று ஒருத்தி கேட்டாள். சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் சரி என்றார்கள். ரேடியோவோடு மூன்று. நம் தெரு ஒன்றுதான் பாக்கி.

இதற்கு நடுவில் உங்கள் அக்கா வந்திருந்தார்கள். உங்களுக்குப் பார்த்திருக்கிற, பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார்கள். அத்தை வாயிலிருந்து வராமல் நான் பதில் சொல்ல மாட்டேன் என்று நீங்கள் சொல்லிவிட்டதாகவும் சொன்னார்கள். நான் பேச்சை மாற்றிச் சங்கத்துக் கதையைச் சொல்லி அனுப்பிவிட்டேன். பாவம், பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள்.

நம் தெருவில் நான் வேண்டுமென்றே தாண்டிப்போகிற வீடு ஒன்று உண்டு. நெட்டை என்று கூப்பிடுவோமே, அவள் வீடு. என் மகள் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, தான் வேலை பார்த்த மூன்று வீட்டுக்கும் மாற்று ஆளாக நெட்டையைத்தான் அனுப்பினாள். அதிலிருந்து நெட்டை எதிரே வந்தால் நான் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவேன். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. என்னால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

முந்தாநாள் அவளே வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, நிலையில் தலை இடிக்கும் என்று குனிந்தபடி நின்றாள். நம் தெருவை நான் பார்த்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு சிக்கல் என்றாள். பொறுப்பாளராக வருகிறவளுக்குச் சொந்தமாக ஒரு வேலை வீடு இருக்க வேண்டும், மாற்று ஆளாக இருக்கக் கூடாது, அது சங்கத்து விதி.

"எனக்குன்னு ஒரு வீடும் இல்லம்மா. வீட்டம்மா யாராவது கேட்டா, இது அக்கா வீடு, நான் பாத்துக்க வந்திருக்கேன்னுதான் இன்னிக்கு வரைக்கும் சொல்றேன். திருப்பிக் குடுக்க ஆள் இல்ல. நீங்க வேணாம்னா, இப்படியே இருந்துட்டுப் போறேன்."

எட்டு மாதம் மாப்பிள்ளை. லீவு கேட்க வேண்டிய இடத்தில்கூட, என் வீடு இல்லையே என்று கேட்காமல் இருந்திருக்கிறாள்.

நேற்றுக் காலை அவளோடு போனேன். மூன்று வீட்டு வாசலிலும் நின்று, இனிமே இது இவளோட வீடு என்று சொன்னேன். முதல் இரண்டில் வார்த்தை வந்துவிட்டது. மூன்றாவதில் வாய் திறக்கவில்லை. வீட்டம்மா என் முகத்தைப் பார்க்கிறார், நான் மிதியடியைப் பார்க்கிறேன். நெட்டை எனக்குப் பதிலாகச் சொல்லிவிட்டிருக்கலாம், சொல்லவில்லை. நான் சொல்கிறவரைக்கும் பேசாமல் நின்றாள். சொன்னேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி. அதில் உங்கள் வீட்டுக்காரியின் வேலைத் துணி, அந்தப் பச்சைக் கட்டம் போட்டது. நெட்டை அதை அடிக்கடி துவைத்து அதே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள், தன் துணியைப் பையிலேயே கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறாள். நான் அதை எடுத்து மடித்துக்கொண்டேன். அவள் தன் துணியை மாட்டினாள். மத்தியானம் சங்கத்துக்குப் போய் நாலாவது பேரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் அக்கா வீட்டுக்குப் போகிறேன். அந்தப் பெண்ணை நானே ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டேன். நல்ல பெண்ணாகத்தான் இருப்பாள். நீங்கள் மறுக்காதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் எதிரே ஒரு ஆள் இருக்க வேண்டும், உங்கள் வயதுக்கு அது பெரிய ஆசை இல்லை. என் மகள் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாள், கொஞ்சம் அதட்டிச் சொல்லியிருப்பாள்.

இரண்டு பேருமாக நல்லபடியாக இருங்கள். ஊருக்கு வருகிறபோது அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், முதல் சாப்பாடு என் கையால் ஆகட்டும். இத்தனை நாள் நான் உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. இது ஒன்று கேட்கிறேன். அப்புறமும் என்னை அத்தை என்றே கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தை