எட்டுப்பட்டைச் சிகரம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முட்டிவலி தேவலையா?

இங்கே ஒரு கூத்து. கோயில் விமானத்தில் கலசம் வைப்பது மட்டும்தான் பாக்கி. இரண்டு வருஷமாகத் தட்டுத்தட்டாக ஏற்றி, எட்டுப்பட்டைச் சிகரமும் கட்டிவிட்டேன். கமிட்டித் தலைவர் அண்ணாந்து பார்த்து, "அழகாத்தான் இருக்கு ஸ்தபதி. ஆனா இப்ப கோயில் உறுப்பினர்கள் நடத்தின ஓட்டெடுப்புல வடக்கத்திப் பாணிதான் ஜெயிச்சுது. வளைஞ்சு ஒரே வீச்சா ஏறணும், உச்சியில நெல்லிக்காய் மாதிரி கல்லு வரணும். இதை இடிச்சிடுங்க" என்றார்.

கட்டியவனுக்குத்தானே எங்கே தட்டினால் விழும் என்று தெரியும்? மூன்றே நாளில் முடித்துவிட்டேன். இனி அடியிலிருந்து தொடங்க வேண்டும். இந்த வருஷமும் ஊருக்கு வருவதற்கில்லை.

பாப்பாவின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. போன தடவை நீ அனுப்பிய அளவுக்கு வாங்கிய செருப்பு பெட்டியிலேயே கிடக்கிறது.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். இந்தத் தடவை இரண்டு விரற்கடை கூட்டியே வரை.